துயரும் களிப்பும் ஒரே வானில்

மாண்டோரை நினைக்க வேண்டிய நாள்களில் குடும்பத்துடன் வாணவேடிக்கை கண்டு களிப்பது முறையாகுமா? ஜப்பானின் நாகவோகா நகரம் இவ்வினாவிற்குத் தரும் விடை நாம் சிந்திக்கத்தக்கது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க விமானங்கள் அந்நகரின்மேல் தீக்குண்டுகளைப் பொழியத் தொடங்கின. 1,480க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில், அதே நேரத்தில், வெண்சாமந்தி என்னும் பெயருடைய வெண்ணிற வாணங்கள் மலர்கின்றன. அவை அஞ்சலிக்குரியவை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஷினானோ ஆற்றங்கரையில் பாய் விரித்து, யுகாதா எனும் பருத்தி ஆடை உடுத்திய குடும்பங்கள் வண்ண வாணங்களைக் கண்டு மகிழ்கின்றன.

தீயைப் பொழிந்த வானில் மீண்டும் தீயா எனச் சிலர் வினவலாம். வெடியோசை சிலருக்குப் பழைய அச்சத்தை எழுப்பவும் கூடும். ஆதலின் இங்கு வரிசை முதன்மையானது: முதலில் நினைவு, பின்னர் களிப்பு. துயரை மறந்து பெறும் மகிழ்ச்சி வேறு. அதனை அருகில் அமர்த்திக்கொண்டு பெறும் மகிழ்ச்சி வேறு. முன்னது பொறுப்பின்மை, பின்னது எஞ்சியோர் தம் மக்கட்கு ஆற்றும் கடமை.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வெண்ணிற வாணங்கள் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்திலும் எழுந்தன. 1941இல் ஜப்பானியர் குண்டு வீசிய இடம் அது. தம் இழப்பை மட்டும் நினைப்பது பகையை வளர்க்கும். எதிரியின் இழப்பையும் சேர்த்து நினைத்தவர்க்கே களிக்கும் உரிமை முழுமையாகிறது என்பது நம் கருத்து.