சுவைஞனும் குடியனும்

ஒரே பொருளை இருவர் அருந்துகின்றனர். ஒருவனைச் சுவைஞன் என்கிறோம். மற்றவனைக் குடியன் என்கிறோம். இவ்விரு பெயர்களும் அவரவர் நடத்தையைக் கண்டு வைக்கப்பட்டனவா, அன்றி அவரவர் சட்டையைக் கண்டு வைக்கப்பட்டனவா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம். மதுவின் பேச்சை எடுத்தாலே முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பார்களாக. மதுவுக்காக வழக்காட நாம் வரவில்லை. மனிதரை அளக்கும் கோல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே வந்தோம்.

பெரிய ஆலைகளில் ஆண்டு முழுதும் ஒரே சுவையாக வடிக்கப்படும் பீரை விட்டு, சிறு சாலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சப்படும் பீரை நாடுவதும், ஒவ்வொன்றையும் சுவைத்துக் குறிப்பெழுதி மதிப்பெண் இடுவதும், முடிவில் தாமே வீட்டில் காய்ச்சிப் பார்ப்பதும் இக்காலத்தில் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகப் பரவியிருக்கின்றன. அமெரிக்காவில் 1978இல் பிறந்த ஒரு சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சும் பீரை வரியினின்றும் விடுவித்தது. மலேசியாவில் மது உற்பத்தி 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே, அடுப்பு மூட்டுவதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்வது ஆர்வலர் கடமை. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றலும் இங்குக் கூடாது. இவற்றுக்கு அடங்கி நடப்போர்பால் எழும் அறக்கேள்வியையே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அத்தொழிலின் தன்மையை அறிவோம். பீருக்கு வேண்டியவை நான்கே: முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட், நீர். நொறுக்கிய வாற்கோதுமையைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதன் மாவு இனிப்பாக மாறுகிறது. அச்சாற்றைப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் இட்டால், இனிப்பு சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. 'ஏல்' எனப்படும் வகைகளிற் பல, 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நிதானமாகப் புளிக்க வேண்டியவை. ஈப்போவிலோ நண்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். ஆதலின், இவ்வூரில் இதில் இறங்குவோர் கலத்தைக் குளிர்பெட்டிக்குள் வைத்து நாட்கணக்கிற் காவல் காக்க வேண்டும். வெப்பம் மிஞ்சினால் காரமான நெடி ஏறும். கலம் தூய்மையாக இல்லையெனில் புளிப்புத் தட்டும். புட்டியில் வெயில் பட்டால் துர்நாற்றம் பிறக்கும். அவசரப்பட்டு இறக்கினால் வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ நிற்கும். பொறுமையும் தூய்மையும் கணக்கும் இல்லாதவனுக்கு இது கைவராது.

மதிப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பொன்று 1985இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் திண்மைக்கு 5, ஒட்டுமொத்தமான கருத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம். மனிதரை மதிப்பிட உட்காரும்போது நாமோ ஐம்பதையும் தோற்றத்துக்கே அளித்துவிடுகிறோம்.

இது மேனாட்டுப் பித்து, தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பர். அவர்கள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கட்டும். வீட்டிலே சமைத்த 'தோப்பி' என்னும் நெற்கள் அதில் வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றி, முளைமாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் முதிரவிடும் முறையும் அதில் விளங்கக் கூறப்பட்டிருக்கிறது. தானியத்தை இனிப்பாக்கிப் பின் புளிக்க வைக்கும் இந்த நுட்பமே பீருக்கும் அடிப்படை. ஆயினும் அதே தமிழ், கள்ளுண்ணாமைக்கென்று குறளில் ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கி வைத்திருக்கிறது. சுவைத்தவரும் நம் முன்னோரே. கண்டித்தவரும் நம் முன்னோரே. பழம்பெருமையைக் காட்டி இவ்வழக்கைத் தீர்த்துவிட முடியாது.

இனி நம் பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு வருவோம். சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை, தோட்டம் என்றால் லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்ததுபோலக் கள்ளுக்கடையும் இருந்தது. அக்கடைகள் அரசாங்கத்தின் அனுமதி பெற்றுத் தோட்ட நிர்வாகத்தின் கைக்குள் நடந்தவை. கூலியைக் கொடுத்த கையே மாலையில் அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதே மாலையில் துரைமார் தங்கள் கிளப்பில் 'ஸ்டெங்கா' அருந்தினர். பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. விஸ்கியும் சோடாவும் கலந்தது. கிளப்பில் நடந்ததற்குக் களைப்பாறுதல் என்று பெயர்; லயத்தில் நடந்ததற்குக் குடிவெறி என்று பெயர். கோப்பைக்குள் இருந்த பொருள் ஒன்றே. வெளியே இருந்த மனிதனுக்குத் தக்கபடி பெயர் மாறிற்று.

இன்று அத்தோட்டங்களிற் பல துண்டாடப்பட்டுவிட்டன. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பால்மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்களில் ஒருவர் ஈப்போவில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, கோப்பையை விளக்கொளியில் தூக்கிப் பார்த்து, 'காப்பி மணம், கருப்பட்டிச் சுவை, முடிவில் இலேசான கசப்பு' என்று எழுதினால் அவரை ரசிகர் என்று பாராட்டுகிறோம். அவருடைய பாட்டனார் தகர மங்கில் கள் வாங்கி அருந்தியதைச் சொல்லவோ அவரே நாணுகிறார். இந்த நாணத்தில் நியாயம் உண்டா?

கணக்கைப் பார்ப்போம். தென்னங்கள்ளில் சாராயச் சத்து பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை இருக்கும். 'இம்பீரியல் ஸ்டவுட்' என்று ரசிகர் போற்றும் கரிய பீரிலோ 8 முதல் 12 பங்கு வரை இருக்கலாம். நூற்றுக்கு 8 பங்குள்ள பீர் 330 மில்லிலிட்டர் அருந்துவோன் ஏறத்தாழ 21 கிராம் சாராயத்தை உட்கொள்கிறான். நூற்றுக்கு 5 பங்குள்ள கள்ளை அதே அளவு அருந்தியவன் 13 கிராமே உட்கொண்டான். கல்லீரலுக்கு மதிப்பெண் தாள் வாசிக்கத் தெரியாது. சாராயம் புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. எந்த அளவும் தீங்கற்றதன்று என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகக் கூறிற்று. எனவே, விலையாலோ சொற்களாலோ சுவைஞன் தன்னைக் குடியனிடமிருந்து பிரித்துக்கொள்ள இயலாது.

நாவின் அறிவாலாவது பிரித்துக்கொள்ளலாமா? அதுவும் இயலாது. பாளையைச் சீவித் தட்டிக் கட்டி, காலையும் மாலையும் மரமேறிய தொழிலாளி, எந்த மரத்துக் கள் இனிக்கும், எது சீக்கிரம் புளிக்கும், முட்டி சரியாகக் கழுவப்பட்டதா, தண்ணீர் சேர்ந்ததா என்பதையெல்லாம் ஒரு வாயிலே சொல்லக்கூடியவன். காலையில் இனிக்கும் கள் மாலைக்குள் காரமேறி, மறுநாள் காடியை நோக்கிப் போகும் ஒவ்வொரு படியையும் அவன் நாக்கு அறியும். அவனுக்கு மதிப்பெண் தாள் கொடுப்பார் இல்லை. அவன் சொன்னதை எழுதி வைப்பாரும் இல்லை. இருந்தது அறிவு, இல்லாதிருந்தது அதற்குரிய மரியாதை.

அப்படியாயின் சுவைஞனுக்கும் குடியனுக்கும் வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அது மூன்று இடங்களில் இருக்கிறது என்பது நமது கருத்து.

முதலாவது, உண்மை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தான் காய்ச்சிய பீரைத் தானே மதிப்பிடுவோன் இப்பழமொழியைத் தினமும் நினைக்க வேண்டியவன். அதற்காகவே ஒரு சோதனை வகுத்திருக்கிறார்கள். மூன்று கோப்பைகள் அடையாளமின்றி வைக்கப்படும்; இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடுமாதலால், பலர் பலமுறை சோதித்த பின்னரே முடிவு கட்டுவர். தன் பண்டம் தோற்றுவிட்டது என்று இச்சோதனை சொல்லும்போது அதை அப்படியே எழுதி வைப்பவன் நேர்மையைப் பயில்கிறான். சிநேகிதன் காய்ச்சியது என்பதற்காக ஐந்து மதிப்பெண் கூட்டுவோனும், இலவசமாக வந்த புட்டியைப் பெற்றுக்கொண்டு அதை மறைத்துப் புகழ்வோனும், போதை ஏறாமலே தன்னிலை இழந்தவர்கள்.

இரண்டாவது, நிறுத்தம். சில கோப்பைகளுக்குப் பின் நாக்கு மரத்துப்போகிறது. நாலாவதைப் பற்றிய தீர்ப்பை முதல் மூன்றும் கெடுத்துவிடுகின்றன. ஆதலாற்றான் தேர்ந்த நடுவர் சிறு அளவாக ஊற்றி, இடையிடையே தண்ணீர் குடித்து, பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். கோப்பையில் மிச்சம் வைக்கத் தெரிந்தவனே சுவைஞன். மிச்சம் வைக்க முடியாத நாள் வந்தால், அவன் கையிலுள்ள குறிப்புப் புத்தகம் அவனுக்கே ஒரு முகமூடி ஆகிவிட்டது என்று அறிக.

மூன்றாவதும் முக்கியமானதும் யாதெனில், அக்கோப்பைக்கு விலை கொடுப்பவர் யார் என்பது. தோட்டத்துக் கள்ளுக்கு விலை கொடுத்தவன் குடித்தவன் மட்டுமல்லன். இருட்டிலே எழுந்து பால் வெட்டப் போன மனைவி கொடுத்தாள். புத்தகம் வாங்காத பிள்ளை கொடுத்தது. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்துப் போலீசாரின் அடியைத் தாங்கியது இதற்காகவே. 1920களின் தொடக்கத்தில் பெரியார் சேலத்தில் தமக்குரிய தோப்பிலே தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டச் செய்தார். கொள்கைக்கு விலையைத் தம் சொத்திலிருந்தே அவர் கொடுத்தார். ஏழையின் தலையில் கட்டவில்லை. பீர் சுவைப்போன் தன் வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: 'இப்பொழுதுபோக்குக்கு உங்களில் யாராவது விலை கொடுக்கிறீர்களா?' பணத்தால் மட்டுமன்று, தூக்கத்தால், அச்சத்தால், வாகனம் ஓட்டும் கையின் நடுக்கத்தால் கொடுக்கும் விலையும் இதில் அடங்கும்.

மதுவை அறவே வெறுக்கும் அன்பர் இங்கே குறுக்கிட்டு, 'குடிப்பதற்கு இலக்கணம் வகுக்கிறீரா? விட்டொழி என்று சொல்ல நாவெழவில்லையா?' எனக் கேட்பார். அவருடைய கோபத்தை மதிக்கிறோம். அதன் பின்னே தோட்டத்துப் பெண்களின் கண்ணீர் நிற்கிறது. விட்டொழிக்க முடிந்தவன் விட்டொழிப்பதே நன்று என்பதில் நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், பட்டணத்துச் சுவைஞனை வாழ்த்திவிட்டுத் தோட்டத்துக் கிழவனை மட்டும் வைவது மதுவிலக்கு ஆகாது. அது சாதிமுறையின் இன்னொரு வடிவம். மலிவு மதுவைத் தேடிப்போகும் ஏழை எத்தகைய ஆபத்தில் இருக்கிறான் என்பதற்கு 2018 செப்டம்பர் சாட்சி. மெத்தனால் கலந்த மதுவால் அப்போது சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் எளிய தொழிலாளர். அவர்கள் இறந்த பின்னும் குடியர்கள் என்றே பேசப்பட்டனர்.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். அந்தப் பத்துப் பத்து வெள்ளிகள் ஒன்றுகூடித் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. குடியர் என்று ஏசப்பட்ட கூட்டத்தார் செய்த காரியம் அது. இன்று பத்து வெள்ளிக்குக் கைப்பக்குவப் பீர் ஒரு கோப்பை கிடைப்பதே அரிது. இதைச் சொல்வது யாரையும் குற்றவாளியாக்க அன்று. தன் உழைப்பில் தான் மகிழ ஒருவனுக்கு உரிமை உண்டு; ஒரு கலையைக் கற்றுத் தேர்வதும் இன்பமே. ஆனால் அந்நாவுக்குச் சற்று நினைவும் வேண்டும்.

எனவே, வீட்டிலே காய்ச்சிச் சுவைத்து எழுதும் தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. பீரின் குறையை மறைக்காது எழுதுங்கள். அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு சாராயம் என்பதைச் சுவைக்கு முன்னரே எழுதுங்கள். போதும் என்று தோன்றுமுன் கோப்பையைக் கீழே வையுங்கள். உங்கள் பாட்டனார் கள் அருந்தியவராயின், அதைச் சொல்ல நாணாதீர்கள். மரமேறியவராயின், அவர் நாவு அறிந்திருந்ததை உயிரோடிருக்கும் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அத்தாளிலும் தோற்றத்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் இடாதீர்கள்.