அண்டை வீட்டாரின் ஹக்கு

எவனுடைய தீங்குக்கு அண்டை வீட்டார் அஞ்சுகிறார்களோ அவன் முஃமினல்லன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுரைத்தார்கள். கத்தி, தடியால் வரும் தீங்கு மட்டுமென்றே நாம் நினைத்திருந்தோம்.

1975-ல் இந்நாட்டில் ஏற்பட்ட ருக்குன் தெத்தாங்கா இரவுக் காவலோடு நிற்கவில்லை. கோத்தோங் ரோயோங்கும் நடத்துகிறது. லூமுட்டில் அப்படி வந்த அண்டைவீட்டுச் சீனப் பெரியவர், நம் கடைப் பின்கட்டில் மழைநீர் தேங்கிய எண்ணெய்த் தகரத்தில் கொசுப்புழு நெளிவதைக் காட்டினார். அவர் பேத்தி அப்போது டெங்கிக் காய்ச்சலில் கிடந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குத்தான் தலை கவிழ்ந்தது.

தெளிந்த நீரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். ஜும்ஆவுக்கு ஜும்ஆ குளித்து அத்தர் பூசுகிற நமக்கு, அன்றே தகரத்தைக் கவிழ்க்க நேரமில்லையா?

ஞாயிறு சுபுஹுக்குப்பின் மண்வெட்டியோடு வாருங்கள். நம் பின்கட்டிலிருந்தே தொடங்குவோம்.