கைக்கடிகாரமும் பிராமாண்யமும்

பழைய கைக்கடிகாரம் அசலா போலியா என்று தேர்ந்து பார்க்கும் தொழிலுக்குள், நம் தர்க்க சாஸ்திரிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வாதாடிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று சொன்னால், நாகர்கோவிலில் வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் சிரிப்பார்கள். சாஸ்திரிகள் அதைவிட உரக்கச் சிரிப்பார்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் துணையோடு தொடங்கி, நம் தேசத்துக் குமாஸ்தாக்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் புது மாப்பிள்ளைகளுக்கும் நேரம் காட்டிவந்த எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூடிவிடுவது என்று 2016-இல் அரசாங்கம் தீர்மானித்தது. இனிக் கிடையாது என்றானதும், ஜனதா, பைலட் முதலிய சாவி கொடுக்கும் கடிகாரங்களின்மேல் ஜனங்களுக்கு ஆசை பிறந்தது. ஆசை பிறந்த இடத்தில், பழைய மிஷினுக்குப் புது வர்ணம் பூசிய டயலை மாட்டி, கிடைத்த கேஸில் அடைத்து, ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல் விற்கும் சாமர்த்தியமும் செழித்தது.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு ஜனதாவை நோக்குகிறவர் முதலில் எழுத்தைப் பார்க்கிறார். ஆலையில் அச்சேறிய எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். பிற்பாடு பூசி எழுதியதில் எழுத்து தடித்து, நிமிஷக் கோடுகள் எண்ணுக்கு நேரே நில்லாமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். ஒளிப்பூச்சு உள்ள கடிகாரமானால், முள்ளில் உள்ளது பழுப்பேறியிருக்க டயலில் உள்ளது மட்டும் வெளுப்பாக இருந்தால், இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. 17 கல் என்றும் பாரா ஷாக் என்றும் டயல் கூறுமானால், பின்மூடியைத் திறந்து, பாலன்ஸ் சக்கரத்தின் தலையில் அதிர்ச்சி தாங்கும் வில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் ஒத்திருந்தாலும், செத்துப்போன இரண்டு மூன்று கடிகாரங்களின் அசல் உறுப்புகளைக் கூட்டி உயிர்ப்பித்ததாக இருக்கக்கூடும். கேஸின் அடையாளத்துக்கு மிஷின் சாட்சி, மிஷினுக்கு டயல் சாட்சி, டயலுக்கு யார் சாட்சி? சாஸ்திரிகள் அநவஸ்தை என்று அஞ்சியது இந்த முடிவில்லாத சங்கிலியைத்தான்.

சாஸ்திரிகள் வாதாடிய அந்த விஷயத்துக்குப் பிராமாண்யம் என்று பெயர்: ஓர் அறிவு மெய்யானது என்பது எதனால் தெரிகிறது? வெளியிலிருந்து வேறொரு சான்று வந்துதான் தெரிய வேண்டும் என்றார்கள் நையாயிகர்கள்: தூரத்தில் கண்டது தண்ணீரா கானலா என்ற சம்சயம், போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் நீங்குகிறது. மீமாம்சகரான குமாரிலபட்டரோ, அறிவு தன்னளவிலேயே பிரமாணம், அதைத் தள்ளுவதற்குத்தான் காரணம் வேண்டும், காரணத்தோடு எழுந்த சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் மூன்று நான்கு ஞானங்களுக்கு அப்பால் போக வேண்டியதில்லை என்றார். கடிகார விஷயத்தில் நையாயிகர்களின் தண்ணீர் உதாரணம் உதவாமல் போகிறது. ஏனெனில் போலி டயல் மாட்டிய கடிகாரமும் ஒழுங்காகவே மணி காட்டும். பயன் ஒன்றாக இருக்கையில் பயனைக் கொண்டு பிறப்பை அறிய முடியாது. ரிப்பேர்காரரும் அசல் என்று எதையும் நிரூபிப்பதில்லை. குற்றம் தேடுகிறார், நியாயமாகத் தேட வேண்டிய இடமெல்லாம் தேடியும் அகப்படாதபோது கடிகாரத்தைக் கீழே வைத்துவிடுகிறார். அவரை மீமாம்சகர் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

ஒரே அடையாளத்தில் உண்மை பளிச்சென்று வெளிப்பட்டுவிட வேண்டும் என்ற ஆசை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. கௌதமரின் சாபம் பெற்ற இந்திரன் தூய்மையடைந்த ஸ்தலம் என்று புராணம் கூறும் சுசீந்திரத்தில், ஒழுக்கக்கேடு சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையிட்டுத் தம்மை நிரூபிக்க வேண்டியிருந்தது. கட்டிவைத்த கையைச் சில நாள் கழித்து அவிழ்க்கையில் புண் இல்லையானால் நிரபராதி. கைமுக்கு என்ற இந்த வழக்கம் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் நிறுத்தப்பட்டது. கே. கே. பிள்ளை 1953-இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் வரலாற்றில் இதைப்பற்றி விரிவாகக் காணலாம். அதன் கொடுமையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். என்னை உறுத்துவது அதன் தர்க்கம். நெய்க்கும் நடத்தைக்கும் என்ன சம்பந்தம்? நிமிஷக் கோடு விலகியிருப்பதற்கும் டயல் மாறியதற்குமாவது காரண காரியத் தொடர்பு உண்டு.

போலி என்பது எங்கே குடியிருக்கிறது என்பதுதான் எஞ்சிய கேள்வி. பித்தளையில் இல்லை, பூசிய வர்ணத்திலும் இல்லை. டயல் மாற்றியது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால், அதே பொருளில் பொய் எள்ளளவும் கிடையாது. சொல்லில் ஏறும் குற்றம் சொல்பவனிடமிருந்தே ஏறுகிறது என்று மீமாம்சகர்கள் வாதிட்டது வேதத்தைக் காக்க; ஆனால் வேதத்தைப்போல் கர்த்தா இல்லாத வாக்கியம் சந்தையில் ஏது? மனிதன் வாக்கில் பிரமை, அஜாக்கிரதை, வஞ்சக எண்ணம், இந்திரியக் குறை என நான்கு தோஷங்கள் உண்டென்று எண்ணினார்கள். தகப்பனார் நாற்பது வருஷம் கட்டியிருந்த ஜனதாவை, முழுதும் அசல் என்று மனமார நம்பி ஒரு மகன் விற்க வருகிறான். டயலை எந்தக் காலத்தில் யார் மாற்றினார்கள் என்பது தகப்பனாரோடு போய்விட்டது. அவனிடம் வஞ்சகம் இல்லை, முதலாவது தோஷம் மட்டுமே உண்டு. வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம். அவனைப் பொய்யன் என்பது அநியாயம்.