பயம் யாருடைய நோய்?

எங்கள் சேரியில் அந்திப் பள்ளி நடத்துகிறோம். எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளைக்குத் திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காணாமல் போய்விடும். அவள் அம்மா ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தார், மந்திரித்துப் பார்த்தார், கடைசியில் ரெண்டு அடியும் போட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "வயித்துல ஒண்ணுமில்ல, மனசுலதான்" என்றார்.

மனசில் என்ன? வகுப்பில் ஒருத்தி, "நீ எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சொன்ன மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார ஆளில்லை. இவள் கைபட்டால் பாட்டில் தண்ணியைக் கொட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் முறையிட்டோம். "பிள்ளைக்குக் கவுன்சிலிங் கொடுக்கலாம்" என்றார்கள். கவுன்சிலிங் யாருக்கு? ஒதுக்குகிறவர்களுக்கா, ஒதுக்கப்பட்டவளுக்கா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குமுன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றிருந்தவன் அவன். அவன் பயம் பிரமையா? அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் கையில் கட்டும் கலர் கயிறு முதல் பள்ளிப் பெயரிலுள்ள சாதிவரை நீக்கச் சொன்னது. நோய் எங்கே இருக்கிறதென்று அதுவே சொல்லிவிடுகிறது.

வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்கார்ந்து, பியூன் குழாயைத் திறந்தால்தான் தண்ணி குடிக்க முடிந்த சிறுவன் அம்பேத்கர். அவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தால் குழாய் திறந்திருக்குமா? இப்படித்தான் நான் மேடையில் பேசுவேன். கைதட்டுவார்கள்.

அந்தப் பிள்ளையையும் எங்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டேன். முதல்நாள் ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனேன். "அண்ணே, அங்கயும் எல்லாரும் என்னையத்தான பாப்பாங்க?" என்றாள்.

எனக்கு வாயடைத்துப்போனது. அவள் பயத்தை அவர்கள் நோய் என்றார்கள். நான் சாட்சி என்றேன். ரெண்டு பேருமே அவளை ஒரு பிள்ளையாகப் பார்க்கவில்லை. பயத்தின் வேர் சாதியில் இருக்கிறது, சரி. ஆனால் வலி அவள் வயிற்றில் இருக்கிறது. சாதி ஒழியும்வரை வலிக்கட்டும் என்று சொல்ல நான் யார்? காரணத்தை மறைக்கிற ஆறுதல் மோசடி என்றால், பிள்ளையை மறக்கிற அரசியலும் மோசடிதான்.

அப்புறம் நாங்கள் செய்தது பெரிய காரியமில்லை. புத்தி சொல்வதை நிறுத்தி, அவள் சொன்னதைக் கேட்டோம், நம்பினோம். "ஒம்மேல தப்பில்ல" என்று அம்மாவைச் சொல்லவைத்தோம். அடி நின்றது. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக மூச்சுவிடப் பழக்கினோம். சகித்துக்கொள்வதற்கல்ல, ராத்திரி தூங்குவதற்கு. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் காசில்லாமல் எந்நேரமும் பேசலாம் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமைகளில் தெருப்பிள்ளைகள் நாலு பேர் அவளோடு சேர்ந்து போகிறார்கள். கல்வி அதிகாரிக்கு மனு போட்டது நாங்கள். மேடையேறுவதும் நாங்கள்தான்.

தோழர்களே, நமக்குப் பதிலாக நம் பிள்ளைகளைத் தைரியமாக இருக்கச் சொல்லவேண்டாம். அது பெரியவர்கள் வேலை.

வலி இன்னும் முழுசாகப் போகவில்லை. போன திங்கட்கிழமை, "வலிக்குதுண்ணே, ஆனா எதுக்குன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினாள். மனுவுக்குப் பதில் வரவில்லை. இந்த வாரம் மறுபடி போகிறோம்.