மறுக்க உரிமை உண்டா?

எலும்பு மஜ்ஜை எடுக்கும் ஊசி பார்க்கவே சற்று மிரட்டும். கைப்பிடி வைத்த தடித்த எஃகுக் குழல், அதனுள் ஒரு கூர்க்கம்பி. இடுப்பெலும்பின் பின்மேட்டில் வைத்து, அழுத்தித் திருகி இறக்குவார்கள். கம்பியை உருவிவிட்டு சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தால் அடர்சிவப்பாக மஜ்ஜை ஏறும். பரிசோதனைக்குச் சில மில்லிலிட்டர் போதும். தானம் என்றால் ஒரு லிட்டர் வரைகூடத் தேவைப்படலாம். கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து, பலமுறை குத்தி எடுக்க வேண்டும். கொடுத்ததை உடல் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும்.

அப்படித் திரும்ப ஊறிவிடும் ஒன்றை, சாகக் கிடக்கும் உறவினருக்குத் தர ஒருவர் மறுக்கலாமா?

1978-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தது. நோயாளிக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா. மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்யாமல் ஓய்ந்துபோகும் நோய். உறவுக்காரர் ஒருவர் முதற்கட்டப் பரிசோதனையில் பொருந்தினார், பிறகு பின்வாங்கினார். நீதிபதி ஜான் ஃப்ளாஹெர்ட்டி அந்த மறுப்பை அறத்தின் பெயரால் கண்டித்தார். ஆனால் கட்டாயப்படுத்த மறுத்தார். அடுத்த மாதமே நோயாளி இறந்தார்.

மனம் கொதிக்கிறது. இருந்தாலும் தீர்ப்பு சரிதான்: மறுப்பவரைப் பிடித்துப் படுக்கவைக்கும் அதிகாரத்தை எந்த அரசிடமும் தரக்கூடாது.

யூத மதச் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. பிறர் உயிருக்காகத் தன் உறுப்பை இழப்பது பக்தியின் உயர்ந்த செயல், கடமையல்ல என்றார் 16-ம் நூற்றாண்டு அறிஞர் டேவிட் இப்னு ஸிம்ரா. மீண்டும் ஊறும் மஜ்ஜைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று வாதிடும் இக்கால ரபிகளும் இருக்கிறார்கள்.