தலாக் பதிவைக் கேட்பது தகுமா?

ஒருவருடைய வாழ்வில் முன்பு நடந்துவிட்ட தலாக்கைப் பற்றிப் பிறர் விசாரிப்பது தகுமா, தகாதா? பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் நம்மவர் வீடுகளில் இக்கேள்வி எழத்தான் செய்கிறது; எழுந்த வேகத்திலேயே அமுங்கியும் போகிறது. கேட்டால் மாப்பிள்ளையின் மனம் புண்படுமே என்று பெண்ணின் வாப்பா தயங்குகிறார். ஒன்றுமே கேட்காமல் சம்மதித்தார்கள், எவ்வளவு பெருந்தன்மை என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சுகிறார்கள். இந்தத் தயக்கமும் இந்த மெச்சுதலும் மார்க்கத்துக்கு இசைந்தவைதாமா என்று நாம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

யோசிக்கப் புகுந்தால் இரண்டு கட்டளைகள் நம் முன்னே நிற்கின்றன. பிறருடைய குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருமறை ஹுஜுராத் அத்தியாயத்தில் விலக்கியிருக்கிறது. அதே திருமறைதான் அல்பகறா அத்தியாயத்தில், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சியத்தை மறைக்காதிருக்கவும் பணிக்கிறது. தலாக்கைப் பற்றிய அத்தியாயத்திலோ நேர்மையாளர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, மறைக்க வேண்டியதும் உண்டு. மறைக்கக் கூடாததும் உண்டு. விவாகரத்து இவற்றில் எதைச் சேர்ந்தது?

இரண்டையும் சேர்ந்தது என்பதே நம் கருத்து. தலாக் நடந்தது என்பது வேறு. அது ஏன் நடந்தது என்பது வேறு. நடந்ததா, எந்த நாளில் நடந்தது, இத்தா முடிந்ததா என்பவை சாட்சியம். அவை ஊருக்கும் பொதுவான உண்மை. அவற்றை மறைத்தால் ஹலாலும் ஹராமும் குழம்பிப் போகும். ஏன் நடந்தது, அந்த நாலு சுவருக்குள் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பவை அவ்விருவருடைய அமானிதம். அதைத் தோண்டி எடுப்பது நமக்கு ஆகாது.

உலகத்தார் இதைப் பற்றிப் பல விதமாக முடிவு கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவிலே விவாகரத்து வழக்கின் கட்டு அந்தந்த மாவட்டத்து நீதிமன்றக் காரியாலயத்தில் இருக்கும். கலிபோர்னியாவில் நீதிமன்றம் முத்திரையிட்டு மூடியவை நீங்கலாக, மற்றக் கட்டுகளை யாரும் போய்ப் பார்க்கலாம். நியூயார்க்கிலோ கட்சிக்காரர்களும் அவர்களுடைய வக்கீல்களும் அன்றிப் பிறர் பார்க்க நூறு ஆண்டுகளுக்குத் தடை. ஒரே தேசத்தில் இரண்டு வழக்கம்! தீர்ப்பின் விஷயத்தை உரியவர் அறியட்டும், வழக்கின் கதையை மூடி வைப்போம் என்ற நியூயார்க்கின் முறையே நம் மார்க்கத்தின் நடுநிலைக்கு அருகில் இருப்பதாக நமக்குப் படுகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல விளக்கம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற அம்மையார் தலாக் பெற்றவர். இத்தா முடிந்ததும் முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவரும் அவரைப் பெண் கேட்டார்கள். அம்மையார் நாயகத்திடம் யோசனை கேட்டார். ஒருவர் கையில் பொருளில்லாதவர் என்பதையும், மற்றவர் மனைவியரிடம் கடுமையானவர் என்பதையும் நாயகம் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லி, உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணக்கும்படி சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. நிக்காஹுக்காகக் கேட்டவரிடம் உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்று இமாம்கள் இதிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கவனியுங்கள்: கேட்டவர் அந்தப் பெண்மணியே, கேட்டது தம் வாழ்வுக்காக, பதிலும் தேவையான அளவோடு நின்றது. தலாக் பெற்றவர் என்பதால் அம்மையாரின் மதிப்பு ஒரு துளியும் குறைந்ததாக யாரும் எண்ணவில்லை.

இனி நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் முஸ்லிம்களின் நிக்காஹையும் தலாக்கையும் பதிவதற்கு 1880இலேயே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் சட்டம் பிறந்தது. முதலில் விரும்பியவர் பதியலாம் என்றிருந்ததை 1908இல் கட்டாயமாக்கினார்கள். சிலாங்கூர் 1952இல் முஸ்லிம் சட்ட நிர்வாகத்துக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. மலேசியாவில் மார்க்கச் சட்டம் மாநில விஷயம் ஆனதால், நாடு முழுமைக்கும் ஒரே கல்லாப்பெட்டி கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கினால் அதிகாரமே மாறிவிடுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசம். அங்கே ஜாவி என்னும் சமய இலாகாவும் 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும். கிள்ளான் சிலாங்கூர், இங்கே ஜாய்ஸ் என்னும் சமய இலாகாவும் 2003ஆம் ஆண்டின் சட்டமும். கோலாலம்பூரே 1974 பிப்ரவரி முதல் தேதிக்கு முன்பு சிலாங்கூரைச் சேர்ந்ததாகையால், அதற்கு முந்திய நிக்காஹும் தலாக்கும் சிலாங்கூர் நிர்வாகத்தின் கீழ் நடந்தவை என்பதையும் தேடுகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே முதலில் அறிய வேண்டியது எந்த மாநிலம், எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்பது. பிறகு இருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரின் முந்திய மணம் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதாயிருந்தால், அதன் ரத்துத் தீர்ப்பை ஷரியா நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை; அது சிவில் உயர் நீதிமன்றத்தின் விஷயம்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. மாப்பிள்ளை முன்பு மணமாகி விலகியவர் என்றால், "உங்கள் விவாகரத்துச் சான்றிதழின் நகலைக் கொண்டு வாருங்கள்" என்று அவரிடமே நேரில் கேட்பதுதான் கண்ணியம். பதிவுக்கு உரியவர் அவர். தொலைந்திருந்தால் நகல் கோரி மனுச் செய்ய வேண்டியவரும் அவரே. தெரிந்த குமாஸ்தாவைப் பிடித்துப் பின்வாசல் வழியாகப் பார்த்து வரச் சொல்வதுதான் துருவுதல். நேரில் கேட்டால் முகம் சுளிக்கிறவரைப் பற்றி நாம் என்ன நினைப்பது? மனைவி இருக்கையில் இன்னொரு நிக்காஹ் செய்ய ஷரியா நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்குப் பயந்து, முந்தியவளை விட்டாகிவிட்டது என்று வாயளவில் சொல்கிறவர்களும் இருக்கக்கூடும் அல்லவா? சான்றிதழைக் கேட்பது அந்த முந்திய மனைவிக்கும் பாதுகாப்பு.

எல்லாரையும்விட அதிகமாகக் கஷ்டப்படுகிறவள், காகிதமில்லாமல் விடப்பட்ட பெண். கணவன் தொலைபேசியிலோ சண்டையிலோ தலாக் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நீதிமன்றப் பக்கமே போவதில்லை. அவள் மனைவியுமில்லை, விடுபட்டவளுமில்லை. இத்தாக் காலச் செலவு, முத்ஆ, இருவரும் சேர்ந்து தேடிய சொத்தில் பங்கு, மறுமணம் எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. மனைவியை இப்படி அந்தரத்தில் விடுவதைத் திருமறை அந்நிஸா அத்தியாயத்தில் கண்டிக்கிறது. கூட்டரசுப் பிரதேசச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியின்றி வெளியே தலாக் சொன்னவன் ஏழு நாட்களுக்குள் நீதிமன்றத்தில் அறிவிக்க வேண்டும். அனுமதியின்றிச் சொன்னது குற்றம்; ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அவன் போகாவிட்டால் அந்தப் பெண்ணே ஷரியா நீதிமன்றத்தில் மனுச் செய்து, தலாக் நிகழ்ந்ததா என்று தீர்ப்புக் கேட்கலாம். அப்போது அதைக் காதால் கேட்டவர்கள் "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவது, சாட்சியத்தை மறைத்த பாவத்தில் சேரும்.

தாயகத்தில் நிக்காஹ் செய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. காஜியார் கொடுத்த தலாக் கடிதம் ஒன்று பெட்டியில் இருந்தால் போதும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அத்தகைய கடிதம் வெறும் அபிப்பிராயமே, நீதிமன்றங்களையும் அதிகாரிகளையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டு 22இல் தீர்ப்பளித்தது. 2019இல் வந்த சட்டம் அதைக் குற்றமுமாக்கிற்று. தனியார் சபை தரும் குலாச் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றம் போக வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆகையால் ஊரில் ஜமாஅத் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அங்குள்ள நீதிமன்றத் தீர்ப்பையும் தேடிக் கையில் வைத்துக்கொள்வதே புத்தி.

"காகிதத்தைக் கேட்பது நம்பிக்கைக் குறைவல்லவா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நாம் கடை நடத்துகிறவர்கள். பத்து ரிங்கிட் சாமானைச் சொந்த மச்சானுக்குக் கடனாகக் கொடுத்தாலும் பற்று எழுதுகிறோம். அது மச்சானின் மீது சந்தேகமல்ல. நாளை அவரும் நாமும் மறந்தோ மரித்தோ போனால், பிள்ளைகள் சண்டையிடாமல் இருப்பதற்காகவே. பத்து ரிங்கிட்டுக்கு இத்தனை பத்திரம் என்றால், ஒரு பெண்ணின் ஆயுளுக்கும் அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளையின் வாரிசுரிமைக்கும் வாய்ச்சொல் போதும் என்பது என்ன நியாயம்?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கேட்டது நம் தேவையோடு நிற்கட்டும். காகிதத்தில் தேதியைப் பார்த்தபின் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். பார்த்ததைக் கடைத்தெருவிலும் கலியாணப் பந்தலிலும் பேசவும் வேண்டாம். நம்மிடம் கேட்கப்பட்டால் முகம் கோணாமல் எடுத்துக் காட்டுவோம். சாட்சியத்தை மறைக்காமலும் மானத்தைக் குலைக்காமலும் வாழ்கிற நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.