ஏழு முறை கடலைப் பார்த்தவர்



இன்று ஜூலை 16, கார்மேல் அன்னையின் திருவிழா. உத்தரியம் அணிந்து வந்திருக்கிறீர்கள். அந்தக் கார்மேல் மலைச்சரிவில்தான் இஸ்ரயேலின் ஹைஃபா நகரம் இருக்கிறது. கீழே துறைமுகம். மேலே ஸ்டெல்லா மாரிஸ் என்னும் கார்மேல் துறவியர் மடம். அதன் கோவில் பீடத்துக்கு அடியில் இறைவாக்கினர் எலியாவின் குகை என்று மக்கள் வணங்கும் இடம். மலை விளிம்பை ஒட்டி ஓடும் லூயிஸ் உலாச்சாலையில் பெஞ்சுகள் உண்டு. அங்கே உட்கார்ந்தால் வளைகுடா முழுவதும் கண்முன் விரியும். வானம் தெளிந்த நாளில் எர்மோன் மலைகூடத் தெரியும். திருப்பயணம் போகிறவர்கள் அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமே. கடலைப் பார்ப்பது ஒரு காலத்தில் அந்த மலையில் செபத்தின் பாதியாக இருந்தது.

அரசர்கள் முதல் நூல், 18ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். நாடு வறண்டு கிடக்கிறது. அங்கே மழை மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. ஆகவே எலியா தம் பணியாளரைக் கடல் பக்கம் பார்க்க அனுப்புகிறார். தாமோ தரையில் குனிந்து, முழங்கால்களுக்கிடையே முகம் புதைத்துக் கிடக்கிறார். மழை தருவதாக ஆண்டவர் முன்பே சொல்லியிருந்தும் இந்த மன்றாட்டு!

பணியாளரின் பெயரைத் திருநூல் சொல்லவில்லை. போனார், பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். மறுபடி போகச் சொன்னார் எலியா. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இல்லாத மேகத்தை இருப்பதாக அந்த மனிதர் சொல்லவில்லை; அலுத்துப்போய் நின்றுவிடவும் இல்லை. ஏழாம் முறை, உள்ளங்கை அளவு மேகம் கடலிலிருந்து எழும்பக் கண்டார்.

அடுத்த அதிகாரத்தில் எலியா தம் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துக்குள் போகிறார். அங்கேதான் ஒரு செடியடியில் உட்கார்ந்து, சாவு வரட்டும் என்று வேண்டுகிறார். இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கும். அவ்வளவு பெரிய இறைவாக்கினருக்கும் பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார்.

நம் பங்கிலும் முகம் புதைத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டார். தலைநிமிர்ந்து பார்க்க அவர்களுக்குத் தெம்பில்லை. இந்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். நல்ல செய்தி இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். மறுநாளும் போங்கள்.